பிரசவத்தை நினைத்தாலே உடம்பு விறைத்துப்போகிறது: ஆட்டிசம் உள்ள பெண்கள் இங்கே யாராவது உண்டா?

கொழுந்துக்காரி (கோத்தகிரி)

எனக்கு 31 வயது. கல்யாணமாகி மூன்று வருடம். போன வருடம் கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவர் நான்கு முறை உட்காரவைத்துப் பேசி, அம்மாவையும் வரச்சொல்லிக் கேட்டுவிட்டு, ஆட்டிசம் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "நல்லாப் படிச்சாளே, வேலைக்குப் போறாளே" என்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

வேலை, டீ ருசி பார்ப்பது. விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி. குன்னூர் ஏலத்துக்குப் போகிற சாம்பிளை எல்லாம் வரிசையாகக் கிண்ணத்தில் வைத்து, உறிஞ்சி, துப்பி, குறிப்பு எழுதுவேன். கொழுந்து கொஞ்சம் அதிகமாக வாடியிருந்தாலும் மூக்கு சொல்லிவிடும். எனக்குச் சோறு போடுவது இந்த மூக்கு. என்னைப் படுத்துவதும் இதேதான்.

குழந்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும். ஆனால் பிரசவம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் கை கால் விறைத்துக்கொள்கிறது. வலிக்குப் பயமா என்று கேட்கிறார்கள். என் பட்டியலில் வலி கடைசி. 14 வயதில் பெரியம்மா மகளுக்குத் துணையாக ஒரு ராத்திரி பிரசவ வார்டு வராந்தாவில் இருந்தேன். ரப்பர் கையுறை, டெட்டால், ஈரத் துணி, எல்லாம் கலந்த ஒரு வாடை. அணைந்து அணைந்து எரிகிற ட்யூப் லைட். கதவு திறக்கும்போதெல்லாம் யாரோ கத்துவது அரைகுறையாகக் கேட்டு நின்றுபோகும். அக்கா உள்ளே எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு ஓர் ஆயாம்மா "இப்ப ஆயிடும்" என்றார். ஆறு மணி நேரம் ஆனது. இப்ப என்றால் எப்ப?

யாரோ சொல்லாமல் வந்து தொடுவார்கள், எப்போது முடியும் என்று தெரியாது, எனக்குப் பேச்சு வராமல் போனால் யாருக்கும் புரியாது. என் பயம் இந்த மூன்றுதான். இப்படி வேறு யாருக்காவது உண்டா?

தயவுசெய்து "ஊர்ல எல்லாரும் பெத்துக்கலையா" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை வீட்டிலேயே காலையும் மாலையும் கேட்கிறேன்.

கூடலூர்க்காரன்

தப்பாக நினைக்க வேண்டாம் தங்கச்சி. பிரசவம் என்றால் யாருக்குத்தான் பயம் இல்லை? இப்போது எதை எடுத்தாலும் நெட்டில் ஒரு பெயர் இருக்கிறது. வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் குடும்பம் நடத்துகிற நீங்கள் உங்களை ஏன் ஆட்டிசம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்? எங்கள் தெருவில் ஆட்டிசம் உள்ள பையன் இருக்கிறான். அவன் பேசவே மாட்டான்.

நைட்_டூட்டி

மனநல மருத்துவம் படித்துக்கொண்டிருப்பவன். கூடலூர் அண்ணன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் தெருப் பையனிடமிருந்தே தொடங்கலாம். 1943இல் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய பிரபலமான கட்டுரையில் 11 குழந்தைகள். எட்டுப் பேர் பையன்கள், மூன்றே பேர் பெண்கள். அப்புறம் வந்த அளவுகோல்கள் எல்லாம் பெரும்பாலும் பையன்களைப் பார்த்தே செய்யப்பட்டவை. பெண்பிள்ளைகள் பக்கத்துப் பெஞ்சுக்காரியைப் பார்த்து எங்கே சிரிக்க வேண்டும், எத்தனை நொடி கண்ணைப் பார்க்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். "அமைதியான பொண்ணு" என்று பெயரும் வாங்கிவிடுகிறார்கள். நம் அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்கு வைத்திருக்கிற பெயர் "புற உலகச் சிந்தனையற்ற" என்று தொடங்கும். கேள்வி போட்டவருக்குப் புற உலகம் தேவைக்கு மேலேயே உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பெயர் வைத்தவர் இவரைப் போன்ற ஒருவரைச் சந்தித்திருக்க மாட்டார்.

இனி பயம். எல்லாருக்கும் இருக்கிற பயம் வேறு, வாழ்க்கையையே ஒதுங்கிப் போகவைக்கிற பயம் வேறு. பின்னதை 1858லேயே லூயி விக்டர் மார்சே என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார்: முதல் பிரசவக்காரிக்குத் தெரியாத வலி பயம், ஏற்கெனவே பெற்றவளுக்கு ஞாபகமே பயம். 2000இல் ஹாஃப்பெர்க், பிராக்கிங்டன் என்ற இருவர் பிரிட்டனில் 26 பெண்களைப் பற்றி எழுதியபோது டோக்கோஃபோபியா என்று பெயர் வைத்தார்கள். டோக்கோஸ் என்றால் கிரேக்க மொழியில் பேறு. கருத்தரிக்கும் முன்பே வருவது முதல் வகை. ஒரு மோசமான பிரசவத்துக்குப் பிறகு வருவது இரண்டாம் வகை. அளந்து பார்க்க ஸ்வீடனில் செய்த 33 கேள்விகள் உண்டு. மொத்தம் 165 மதிப்பெண்ணில் 85க்கு மேல் போனால் கடுமையான பயம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

ஆட்டிசத்துக்கும் இதற்கும் எங்கே முடிச்சு விழுகிறது? ஒளி, ஒலி, வாடை, தொடுதல் இவை அளவுக்கு மீறி உறைப்பதையும், சில நேரம் உறைக்காமலே போவதையும் 2013இல் வந்த அமெரிக்க நோயறிதல் கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது. அடுத்து என்ன என்று தெரியாமல் காத்திருப்பது இவர்களில் பலருக்கு வலியைவிடக் கொடுமை. பிரசவ அறையில் இவை எல்லாமே இருக்கின்றன. இவருக்குப் பயம் வராமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

மலைப்பூண்டு (கொடைக்கானல் மேல்மலை)

கொழுந்துக்காரி, ஒருத்தி இருக்கிறேன்.

முதல் பையன் பிறந்து மூன்று வருடம் கழித்துத்தான் எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. அதனால் அந்தப் பிரசவத்தில் எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

எனக்கு வலி வந்தது எனக்கே தெரியவில்லை. பசி, மூத்திரம், காய்ச்சல் எதுவுமே முற்றிய பிறகுதான் எனக்குத் தெரியவரும். அன்று வயிறு சரியில்லை என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் நான் கத்தவில்லை. சத்தம் கூடினால் எனக்குப் பேச்சு அடைத்துப்போகும். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துப் பழகிய முகம் வலிக்கிற இடத்திலும் அதையே செய்துகொண்டிருந்தது. "இவளுக்கு இன்னும் வலியே எடுக்கலை" என்று ஓரமாகப் படுக்கவைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஒருவர் வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் கையை விட்டுப் பார்த்தார். நான் உதைத்துவிட்டேன். வேண்டுமென்றா செய்தேன், உடம்பு தானாகச் செய்தது. அப்போது அவர் ஒரு வசனம் சொன்னார், நம் ஊர்ப் பிரசவ அறைகளில் காலங்காலமாகச் சொல்லப்படுகிற அந்த வசனம். எழுத மாட்டேன். பெற்றவர்களுக்குத் தெரியும்.

பையன் நன்றாகப் பிறந்தான். எல்லாரும் அதையே சொன்னார்கள், "அதான் நல்லபடியா ஆச்சே". எனக்கு இரண்டு வருடம் டெட்டால் பாட்டிலைப் பார்த்தால் தொடை நடுங்கும். நைட்_டூட்டி சொன்ன இரண்டாம் வகை நான்தான்.

இரண்டாவது குழந்தைக்கு ஒன்று மட்டும் முடிவு செய்தேன்: எதுவும் திடீரென்று நடக்கக் கூடாது. எட்டாம் மாதக் கடைசியில் வத்தலக்குண்டில் சித்தி வீட்டுக்கு இறங்கிவிட்டேன். நடுராத்திரியில் கொண்டை ஊசி வளைவு, வாந்தி, மூடுபனி எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை சும்மா போய் உட்கார்ந்து வந்தேன். மூன்றாவது முறை அந்த வாடை எனக்கு ஒரு இடத்தின் வாடையாக மட்டும் தெரிந்தது.

கொழுந்துக்காரி

மலைப்பூண்டு, உங்கள் பதிவை நான்கு தடவை படித்தேன். பேச்சு அடைத்துப்போகும் என்று எழுதினீர்களே, அதை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்கு மட்டும்தான் என்று இருந்தேன்.

ஒன்று கேட்கலாமா? கையுறை உள்ளே பவுடர் போட்டதா, போடாததா? உங்களுக்கு ஞாபகம் இருக்குமா? வாடை வேறு வேறு.

மலைப்பூண்டு

போட்டது. சாக்பீஸ் வாடை. இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று இந்த உலகத்தில் இன்னொருவருக்குத் தோன்றியதே எனக்குச் சந்தோஷம்.

வார்டு_அக்கா (குன்னூர்)

27 வருடம் லேபர் வார்டில் இருந்து ரிட்டயர் ஆனவள். படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டே பேர் டூட்டியில் இருப்போம், மேசை எல்லாம் நிறைந்திருக்கும். ஒருத்திக்கு ரத்தம் நிற்காது, ஒருத்திக்குப் பிரஷர் ஏறும். அந்த நேரத்தில் "அம்மா, இப்போது தொடப்போகிறேன்" என்று யார் சொல்லிக்கொண்டிருப்பது?

ராத்திரி படுத்து யோசித்தேன். அதைச் சொல்ல மூன்று நொடி ஆகும். நானும் சொன்னதில்லை. அந்த வசனத்தை என் வாயால் சொன்னதில்லை. பக்கத்தில் ஒருவர் சொன்னபோது அடக்கியதும் இல்லை.

கொழுந்துக்காரி கண்ணு, "இப்ப என்றால் எப்ப" என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். முதல் பிரசவத்தில் விட்டு விட்டு வரும் ஆரம்ப வலி ஒரு நாளுக்கு மேல்கூட இழுக்கலாம், அதற்குக் கணக்கு கிடையாது. கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகு முழுசாகத் திறக்க வழக்கமாக 12 மணி நேரத்துக்கு மேல் போகாது. அப்புறம் முக்கிப் பெற 3 மணி நேரம் வரை. குழந்தை வந்த பிறகு நச்சுக்கொடி வர வேண்டும், அது பெரும்பாலும் அரை மணிக்குள். அந்த 12 மணி, 3 மணி உலக சுகாதார நிறுவனம் 2018இல் போட்ட கணக்கு. எல்லாம் சரியாகப் போகிறபோது உள்பரிசோதனை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்பதும் அதில் இருக்கிறது. மழிப்பதும் எனிமா கொடுப்பதும் வழக்கத்துக்காகச் செய்ய வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பல இடத்தில் இன்னும் செய்கிறார்கள். "எனக்கு வேண்டாம்" என்று நீ முன்னாலேயே சொல்லலாம்.

துணைக்கு ஆள்: தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணை என்ற ஏற்பாடு 2004லேயே வந்துவிட்டது. ஒரு பெண் உள்ளே கூட இருக்கலாம். யார் என்று இப்போதே முடிவு செய். அம்மாதான் வர வேண்டும் என்று இல்லை. உன் முகத்தைப் பார்த்து வலியைக் கண்டுபிடிக்கிற ஒருத்தி வர வேண்டும். மலைப்பூண்டுக்கு அது மாமியார்!

கூடலூர்க்காரன்

அக்கா எழுதியதற்குப் பிறகு நான் எழுதியதை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன், இங்கே அழிக்க முடியவில்லை. சரி, ஒரு கேள்வி. இவ்வளவு கஷ்டப்படுவதற்கு நேரே ஆப்பரேஷன் செய்துகொள்ளலாமே? தேதி தெரியும், நேரம் தெரியும்.

நைட்_டூட்டி

பலர் அப்படித்தான் போகிறார்கள். ஸ்வீடனில் தேசியப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. ஆட்டிசம் உள்ள பெண்களுக்கு முன்கூட்டியே திட்டமிட்ட சிசேரியன் மற்றவர்களைவிட அதிகம், குறைமாதப் பிரசவமும் அதிகம். பயம்தான் காரணம் என்று அதில் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

தேதி தெரியும் என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதைச் சிலர் வலியைவிட மோசம் என்கிறார்கள், உடம்பின் பாதி காணாமல் போன மாதிரி. மூத்திரக் குழாய், நெஞ்சில் ஒட்டுகிற பட்டை, தலைக்கு மேலே விளக்கு, குளிர் நடுக்கம், கண்ணுக்கு முன்னால் கட்டின துணிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கிடப்பது. தையல் ஆறும்வரை புடவை உரசுகிற இடம் எரியும். எது குறைவாக உறுத்தும் என்று அவரவர் உடம்புக்குத்தான் தெரியும். எதையும் தேர்ந்தெடுக்கும் முன் மகப்பேறு மருத்துவரையும் மனநல மருத்துவரையும் ஒன்றாகப் பேசவையுங்கள். கருத்தரிக்கும் முன்பே பேசினால் இன்னும் நல்லது. பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயந்து தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள். ராத்திரி யாரும் இல்லாவிட்டால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

மாமியார்தான் (மஞ்சூர் பக்கம்)

நான் படித்தவள் இல்லை, பேத்தி எழுதித் தருகிறாள். எனக்கு மூன்றும் எஸ்டேட் லைன் வீட்டில்தான். முதல் பிள்ளை 1979. வந்தது ஒரே ஒரு கிழவி. எண்ணெய் தடவின கை, அவள் கை மட்டும்தான். வெளிச்சம் ஒரு சிமினி. சுவர் என் சுவர், பாய் என் பாய். கிழவி பேசவே மாட்டாள், முதுகை நீவிக்கொண்டே இருப்பாள். இந்தப் பெண் கேட்பதெல்லாம் எங்களுக்கு இருந்தது என்று படிக்கும்போது தோன்றியது. இப்போது ஏன் அப்படி முடியாது?

வார்டு_அக்கா

அம்மா, உங்கள் கிழவியின் கை எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் லைனில் அப்படிப் பெற்றுவிட்டுத் திரும்பி வராதவர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தம் பெருகினால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அத்தனையும் இறக்கம். 2009 நவம்பரில் மண் சரிந்து நீலகிரி ரோடுகள் மூடிக்கொண்டதே, அப்போது வார்டில் இருந்தவள் நான். வீட்டில் பெறுவதைப் பற்றி இங்கே யாரும் எழுத வேண்டாம்.

கிழவியின் கையை ஆஸ்பத்திரிக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று கேளுங்கள், அதற்கு வழி தேடலாம்.

மாமியார்தான்

பார்த்திருக்கிறேன் தாயி. என் நாத்தனார்.

கேரட்_மூட்டை (நஞ்சநாடு)

பெண்கள் பேசுகிற இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்கும் ஆட்டிசம். போன தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஆண்களை உள்ளே விடவில்லை, மாமியார்தான் போனார். அவருக்கு என் மனைவியின் வழக்கம் எல்லாம் தெரியும், ஆனால் நர்ஸம்மாவிடம் எடுத்துச் சொல்லத் தைரியம் வராது. அதனால் நாங்கள் ஒரு அட்டை எழுதினோம். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், கறுப்பு மார்க்கர். அப்படியே தருகிறேன்:

"எனக்கு ஆட்டிசம் உள்ளது. காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும். தொடும் முன் எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவும். நான் கத்தாவிட்டாலும் வலி இருக்கும். பேச முடியாவிட்டால் விரல் காட்டுவேன்: ஒரு விரல் என்றால் சரி, இரண்டு விரல் என்றால் வேண்டாம், கை விரித்தால் தாங்கவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர் பேசவும். நன்றி."

கேஸ் ஷீட்டில் பின் செய்து வைத்தார்கள். ஷிப்டு மாறி வந்த சிஸ்டர் படித்துவிட்டு, "எல்லாரும் இப்படி எழுதிக் கொண்டுவந்தால் எங்களுக்கும் நல்லது" என்றாராம். எல்லாம் சுகமாக நடக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டிருந்த பஞ்சை ஒருவர் பிடுங்கிவிட்டார், தையல் போடும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு விரல் காட்டியபோது இரண்டு தடவை நிறுத்தினார்களாம். என் மனைவி இன்றைக்கும் அந்த இரண்டு தடவையைத்தான் சொல்கிறாள்.

மலைப்பூண்டு

நன்றி என்று முடித்தீர்களே, அங்கேதான் அண்ணா நம் ஊர்!

அட்டையில் ஒன்று சேர்க்கச் சொல்வேன்: "வலி எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள்." எப்படி என்ற கேள்விக்கு எனக்குப் பதிலே வராது. எண் வரும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. பிறந்த பிறகும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜில் ஆட்டிசம் உள்ள அம்மாக்களை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வந்தது. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மனச்சோர்வு அவர்களுக்கு அதிகம் என்று அதில் இருக்கிறது. எனக்குப் பால் கொடுக்கும்போது ஊர்கிற மாதிரி இருக்கும். வீடு நிறைய விருந்தாளிகள், எல்லாரும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவார்கள், சாம்பிராணிப் புகை வேறு. பிரசவத்தைவிட அந்த நாற்பது நாள்தான் என்னை உடைத்தது. அப்போதும் ஒரு கதவைச் சாத்திக்கொள்ள உரிமை வாங்கிவையுங்கள்.

கொழுந்துக்காரி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

வார்டு அக்கா சொன்னபடி என் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன் (அம்மா இல்லை, அம்மா அழுவார்). மத்தியானம் இரண்டரை மணி, பார்வையாளர் நேரம் இல்லை. நாத்தனார்தான் பேசினார். சிஸ்டர், "இன்னும் கர்ப்பமே இல்லையே, அதற்குள் என்ன அவசரம்?" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. கையில் எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். படித்தார். அப்புறம் காலி மேசை இருக்கிற அறைக்குள் கூட்டிப்போய் ஐந்து நிமிடம் நிற்க விட்டார்.

வாடை நான் நினைத்த மாதிரி இல்லை. டெட்டால் இல்லை, ப்ளீச்சிங் பவுடர். கையுறை நீல நிறம், பவுடர் இல்லாதது. எந்தப் பெட்டி என்று பார்த்து மருந்துக் கடையில் அதே மாதிரி ஒரு பெட்டி வாங்கிவந்துவிட்டேன். என் வேலையில் புது வாடையை அப்படித்தான் பழகுவோம், தினம் கொஞ்சம். இப்போது அதைப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிறேன். வீட்டுக்காரர் முதல் நாள் சிரித்தார், நேற்று அவரும் ஒரு ஜோடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. மேசையில் கால் வைக்கிற கம்பியைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டேன். மூன்று பயத்தில் தொடுதல் அப்படியே இருக்கிறது. நேரத்துக்கு அக்கா கொடுத்த எண்கள் இருக்கின்றன. பேச்சு போவதற்கு விரல் இருக்கிறது. குழந்தை வேண்டும் என்பதை இந்த வருடமே முடிவு செய்ய வேண்டியதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த அறையிலும் ஒரு ட்யூப் லைட் அணைந்து அணைந்து எரிகிறது.

வார்டு_அக்கா

அது ஸ்டார்ட்டர் போயிருக்கும் கண்ணு. மாற்றச் சொல்லி ஒரு மனு கொடு.

கொழுந்துக்காரி

அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன் அக்கா.

வார்டு_அக்கா

ரசீது வாங்கினாயா?

கொழுந்துக்காரி

இல்லையே.

வார்டு_அக்கா

திங்கட்கிழமை போய் முதலில் ரசீது வாங்கு. அப்படியே அந்தக் கம்பியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வா.